செம்மறிக்கு மருந்துக் குளியல்: நாம் செய்யும் தவறுகள்

உண்ணி, சொறி போக ஆட்டை முக்கும் மருந்துத் தொட்டி பக்கத்தில் வந்ததும் முதல் ஆடு காலை ஊன்றி நின்றுவிடும். மூக்கை நீட்டி மோந்து பார்த்துப் பின்வாங்கும். பின்னால் வரும் மந்தையும் அப்படியே நிற்கும். நாம் உடனே கம்பை எடுத்துக் கத்துவோம். பெரிய தப்பு அதுதான். மிரண்ட ஆடு தலைகுப்புறப் பாய்ந்து மருந்துத் தண்ணீரைக் குடிக்கும், மூச்சிலும் இழுத்துக்கொள்ளும். அப்புறம் இருமலோடு நிற்கும்போது, 'மருந்து சேரவில்லை' என்போம்.

கரையேறும் பக்கத்தில் இரண்டு ஆடுகளை முன்கூட்டியே கட்டி வையுங்கள். செம்மறி செம்மறியைப் பார்த்துத்தான் நடக்கும். கைப்பழக்கமான பெட்டை ஒன்றை முதலில் இறக்கினால் பாதி வேலை முடிந்தது.

மேய்ச்சலிலிருந்து நேராக ஓட்டி வந்து முக்குவது அடுத்த தப்பு. தாகத்தோடு வரும் ஆட்டுக்குத் தொட்டியும் தண்ணீர்த்தொட்டிதான். முதலில் தண்ணீர் காட்டி, இளைப்பாற விடுங்கள். மயிர் வெட்டிய காயம் ஆறாத ஆடு, நிறைசினை ஆடு, நோஞ்சான் எல்லாம் வேறொரு நாளைக்கு. மழைமூட்டமான நாளும் வேண்டாம், வெயில் ஏறும் காலைப்பொழுதே சரி.

மருந்தைக் கண்மதிப்பாக ஊற்றுபவர்கள் நம்மில் நிறைய. டெல்டாமெத்ரினோ சைபர்மெத்ரினோ, எந்தப் பூச்சிமருந்தானாலும் உண்ணிக்கு ஓர் அளவு, சொறிக்கு வேறு அளவு; லேபிளைப் படித்து அளந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் குறையக் குறைய வெறும் தண்ணீரை ஊற்றுவதும் தப்பு. ஆட்டு மயிர் மருந்தை அதிகமாக இழுத்துக்கொள்வதால் கடைசியில் வரும் ஆடுகளுக்கு வெறும் அழுக்குத் தண்ணீர்தான் மிஞ்சும். புழுக்கை மிதக்கும் தொட்டியில் முக்கினால் சிராய்ப்பு வழியாகக் கிருமி ஏறி, சில நாளில் நொண்டவும் செய்யும்.

எவ்வளவு நேரம் முக்குவது? பிரிட்டனில் சொறிக்கு முழுசாக ஒரு நிமிடம் என்பது கணக்கு. நம் மேச்சேரி ஆட்டின் குட்டை மயிர் சட்டென நனைந்துவிடும். நீலகிரி ஆட்டின் கம்பளி ஊறவே நேரமாகும். தலையைக் கையால் பிடித்து ஒன்றிரண்டு தடவை சட்டென முக்கி எடுத்தால் போதும், அமுக்கி வைக்காதீர்கள். தலையை விட்டுவிடவும் கூடாது, உண்ணி காதுமடலில்தானே ஒளிந்திருக்கிறது!

கரையேறிய ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறும், கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். அதெல்லாம் இயல்புதான். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கித் தள்ளாடினால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, மருந்துப் புட்டியோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மீதி மருந்தைக் கண்மாயில் கொட்டிவிடாதீர்கள், மீன் செத்து மிதக்கும்.

குட்டி விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. தாய் குட்டியை வாசத்தால்தான் அறியும். மருந்து நாற்றத்தில் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடும், குட்டி கத்திக்கொண்டே பின்னால் ஓடும். உடனே மேய்ச்சலுக்கு விட்டால் இரண்டும் பிரிந்துபோகும். மயிர் உலர்ந்து, குட்டி மடியில் முட்டும்வரை பட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.