வெட்ஜ் தின்ற பந்துகள்

காரைக்குடிப் பூர்வீக வீட்டின் பட்டாலையில், அதாவது பெரிய கூடத்தில், கோல்ஃப் சிமுலேட்டர் வைத்திருக்கிறேன். தொங்கும் துணித் திரையில் நிஜப் பந்தை அடித்து வீட்டுக்குள்ளேயே ஆடும் அமைப்பு அது. கூரை உயரம், மட்டையை முழுதாகச் சுழற்றலாம். ஆனால் புதுப் பந்துகள் பத்தே நாளில் உரித்த தேங்காய் மாதிரி நார் நாராகிவிட்டன.

முதலில் திரையைத்தான் சந்தேகப்பட்டேன். துணி மாற்றியும் பயனில்லை. ஒருநாள் தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டையால் மட்டும் அடித்துப் பார்த்தேன். பந்தில் கீறலே இல்லை. பந்தைக் குறைந்த தூரத்துக்கு உயரத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் மட்டையை எடுத்ததும் மேலுறை சீவியது. நான் வாங்கியவை யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை உறை போட்ட பந்துகள். மென்மையானவை, வெட்ஜின் கூரிய பள்ளங்களுக்குள் இறுகிப் பிடித்துச் சுழல்பவை. அந்தப் பிடிப்பேதான் உறையையும் சுரண்டுகிறது. வளவிலிருந்து, அதாவது உள்முற்றத்திலிருந்து, வரும் பொடிமணல் மட்டை முகத்தில் ஒட்டி உப்புத்தாள் வேலை பார்த்தது.

இப்போது வெட்ஜுக்குச் சர்லின் என்ற கடினமான பிளாஸ்டிக் உறைப் பந்து. சுழற்சி குறையும், உறை தாங்கும். யூரித்தேன் பந்து நீளமான அடிகளுக்கு மட்டும். பத்து அடிக்கு ஒருமுறை ஈரத்துணியால் மட்டை முகம், பந்து, விரிப்பு மூன்றையும் துடைக்கிறேன்.

பந்து விழும் இடத்தில் தேங்காய்நார்ப் பாய் போடச் சொன்னது அப்பத்தா. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அவர்களுக்கு உயிர். திரையில் பட்டுத் திரும்பும் பந்து இப்போது அதில் மெத்தென்று நிற்கிறது.