கடலூரில் வீட்டுக்கு சோலார்: மாடியை அளக்கும் முன் கரண்ட் பில்லை எடுங்கள்

சோலார் போடுகிறவர் வீட்டுக்கு வந்ததும் நேராக மொட்டை மாடிக்குப் போய், "மூணு கிலோவாட் தாராளமா போடலாம் சார், பில்லே வராது" என்பார். அவர் வருவதற்கு முன்னாலேயே ஒரு வருஷத்து பில், அதாவது ஆறு பில்லையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்று பார்த்து வையுங்கள். எத்தனை கிலோவாட் என்பதைச் சொல்ல வேண்டியது மாடி இல்லை, அந்த யூனிட்தான்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் முடிகிற வீடு என்றால் அவசரப்பட வேண்டாம். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் மலிவுதான், போட்ட காசு திரும்ப ரொம்ப நாளாகும். ஏசி ஓடி 500ஐத் தாண்டுகிற வீட்டில்தான் சோலார் வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கிருந்து யூனிட் விலை ஒரேயடியாக ஏறுகிறது. 2024 ஜூலை கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65.

800 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 4,800 ரூபாய் பக்கம். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. முதல் கிலோவாட் போட்டதும் பில் 2,600 பக்கம் வந்துவிடும். இரண்டாவதில் 800 பக்கம். மூன்றாவது கிலோவாட் மிச்சம் பிடிப்பது அந்தக் கடைசி 800 ரூபாயைத்தான்! முதல் கிலோவாட் விலை உயர்ந்த யூனிட்டை வெட்டுகிறது, மூன்றாவது மலிவான யூனிட்டையும் இலவச யூனிட்டையும் வெட்டுகிறது, அவ்வளவுதான் விஷயம். பில்லைப் பூஜ்யமாக்குவது பெருமைக்குச் சரி, காசுக்கு இல்லை.

மானியமும் அதே கதைதான். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மொத்தம் 78,000தான். கிலோவாட்டுக்கு 70,000 என்று வைத்தால் இரண்டு கிலோவாட் 1,40,000, மானியம் போக 80,000. வருஷத்துக்கு 24,000 மிச்சம் என்றால் மூன்றரை வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட பதினோரு வருஷம் ஆகிறது. வரும் வருஷம் இன்னொரு ஏசி, கரண்ட் ஸ்கூட்டர் என்று யோசனை இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி படுத்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மானியம் முதலில் கழியாது. முழுக் காசையும் கொடுத்து, வேலை முடிந்து சோதனை ஆன பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். பேனல் மட்டுமில்லை, அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், டிசிஆர் பேனல் என்பார்கள், அதை கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இனி பேனலைத் தாங்கும் ஸ்டாண்ட். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கடல் காற்றில் வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். பெயின்ட் அடித்த இரும்பை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜிஐ அல்லது அலுமினியம், போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 2011 தானே புயல் இங்கேதான் கரை ஏறியது, 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம். அதனால் ஸ்டாண்டின் கால் தளத்தில் எப்படி இறங்குகிறது, துளை போட்ட இடத்தில் மழைத் தண்ணீர் இறங்காமல் எதைப் பூசுகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். இதில் ஐந்தாயிரம் குறைக்கிறேன் என்று சொன்னால் மயங்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் சாயங்காலம் எங்கே விழுகிறது என்பதையும் ஒரு நாள் மாடியேறிப் பார்த்துவிடுங்கள், ஒரு பேனலில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே இறக்கிவிடும்.

கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே, பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். புயல் நேரத்துக்கு விளக்கும் ஃபேனும் வேண்டுமென்றால் பேட்டரி தனிச் செலவு, இந்த மிச்சக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கும் மத்திய மானியம் இதேதான். ஆனால் அங்கே தனி மின்துறை, மாதாமாதம் பில், கட்டணப் படியும் வேறு, ஆகவே மேலே போட்ட கணக்கை உங்கள் பில்லை வைத்துப் போடுங்கள்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் "இப்பவே ஆன் பண்ணிடலாம் சார்" என்று சொல்வார்கள். பகலில் மிஞ்சி வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வருவதையும் தனித்தனியாக எண்ணுவது நெட் மீட்டர், அதை மாற்றும் வரை வேண்டாம். பழைய மீட்டர்கள் பலவற்றுக்கு வெளியே போகும் கரண்ட்டும் உள்ளே வருவதும் ஒன்றுதான், நீங்கள் கொடுத்த யூனிட்டுக்கும் சேர்த்து உங்களுக்கே பில் வரும்.