நாலு கண்ணிச் செயினை இருகண்ணியாக்குவது: பனி தள்ளும் சின்ன டிராக்டருக்கு

கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் வீட்டுப் பாதையில் பனி தள்ளும் சின்ன டிராக்டர்களுக்கு வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் செயின்களில் மலிவாகக் கிடைப்பது நாலு கண்ணி ஏணிச் செயின். டயரின் இரு பக்கமும் ஓடும் பக்கச் செயினில் நாலு கண்ணிக்கு ஒரு குறுக்குச் செயின் தொங்கும். புல்தரை டயருக்கு அது போதும். தடக் தடக்கென்று குலுக்கும், அவ்வளவுதான். சாய்வுப் பட்டன் (துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) உள்ள உழவு டயருக்குப் போட்டால் காசு தண்டம். குறுக்குச் செயின் பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கிவிடும், ஐஸில் படுவது வெறும் ரப்பர்.

வாங்கியாகிவிட்டதா? மாற்றிக்கொள்ளலாம். பக்கச் செயினில் 48 கண்ணி இருந்தால் குறுக்கு 12 இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இன்னொன்று போட்டால் இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்கு, அதுதான் இருகண்ணி. ஆக ஒரு சக்கரத்துக்கு 12, இரண்டுக்கும் 24 வாங்குங்கள். கம்பித் தடிமனும் கண்ணி எண்ணிக்கையும் பழையதைப் போலவே இருக்கட்டும். நீளம் கூடியது தொங்கி அடிக்கும், குறைந்தது மற்றதையும் இழுத்துக் கோணலாக்கும். குறுக்கின் முனையிலுள்ள கொக்கியைப் பக்கச் செயினில் மாட்டி வைஸில் வைத்து நெருக்குங்கள். வாயின் இடைவெளி கண்ணிக் கம்பியைவிடக் குறுகினால் போதும். முழுக்க நசுக்கினால் கொக்கி திரும்பாமல் முறுக்கிக்கொள்ளும். வெல்டிங் மட்டும் வேண்டாம். கடினமாக்கிய எஃகு அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும்.

பட்டன் இடைவெளி ரொம்ப அகலமென்றால் இருகண்ணியும் பள்ளத்தில் விழும். அடுத்தடுத்த குறுக்குகளின் நடுப்பகுதியைத் துண்டுச் செயினால் நெடுக்காக இணையுங்கள், திருகு போட்டு மூடும் கண்ணி இதற்குத் தோது. நெடுக்குச் செயின் பட்டன் மேலேயே நிற்பதால் குறுக்கு இறங்காது.

மாட்டும் முன் டயரின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலும், டயருக்கும் கலப்பை தூக்கும் கைக்கும் நடுவிலும் சுமார் 5 செ.மீ. வேண்டும். இல்லையென்றால் பின்சக்கரத்தை வெளியே தள்ள ஸ்பேசர் போடலாம். ரிம் குழிவானதாக இருந்து, கம்பெனிக் கையேடும் அனுமதித்தால், சக்கரத்தைப் புரட்டி இடவலம் மாற்றிப் போடலாம். புரட்டாமல் பக்கம் மட்டும் மாற்றினால் பட்டன் திசை தலைகீழாகும். எதுவானாலும் ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

செயினைப் பின்டயர் மேல் போர்த்தும்போது கொக்கிகளின் திறந்த வாய் வெளியே பார்க்கட்டும். உள்ளே பார்த்தால் டயரின் பக்கச் சுவரைக் குத்திக் கிழிக்கும். நுனிகள் கைக்கு எட்டும் வரை வண்டியைக் கொஞ்சம் உருட்டுங்கள். முதலில் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம். இறுக்கம் போதவில்லையென்றால் நிறுத்தி வைத்தே காற்றைக் குறைத்து, ஒரு கண்ணி தள்ளி மாட்டி, மறுபடி காற்றடியுங்கள். டயருக்குள் எடைக்குத் திரவம் ஊற்றியிருந்தால் வால்வு உச்சியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்குப் பதில் அந்தத் திரவம்தான் முகத்தில் அடிக்கும்.

10–15 நிமிடம் ஓட்டியதும் செயின் தளரும். மறுபடி இழுத்து மாட்டி, வெளிப்பக்கம் செயினை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் டென்ஷனர் போடுங்கள். மிஞ்சிய கண்ணி இரண்டுக்கு மேல் தொங்கினால் வெட்டிவிடுங்கள். சுழலும் நுனி சாட்டை மாதிரி ஹைட்ராலிக் ஹோஸை அறுக்கும்.

சரிவில் இறங்கும்போது ஃபோர் வீல் டிரைவ் போட்டே இறங்குங்கள். பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான், ஃபோர் வீலில் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். முன்னால் உள்ள அள்ளும் வாளியில் (லோடரில்) பனி நிறைந்திருந்தால் பின்பக்கம் லேசாகி, செயின் இருந்தும் சறுக்கும்.