மும்பைக் கடற்கரையை ட்ரோனில் படம்பிடிக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடல் சூழலைப் பாதுகாக்கும் குழுக்களுக்காகப் படம் எடுப்பவர்களுக்கான குறிப்பு இது. அந்தக் குழுக்கள் கேட்பது சூரிய அஸ்தமனக் காட்சியை அல்ல. கண்டல் (மாங்குரோவ்) காட்டின் ஓரம் போன வருடத்தைவிட உள்வாங்கியிருக்கிறதா, பாறை இடுக்கில் எவ்வளவு பிளாஸ்டிக் ஒதுங்கியிருக்கிறது என்று ஒப்பிட உதவும் படம்தான் அவர்களுக்கு வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடம், ஒரே உயரம், ஒரே ஓத அளவு (கடல் ஏறி வற்றும் மட்டம்). படம் சலிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

படி 1: அனுமதி

ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி தேவைப்படாத பகுதியில், 400 அடி வரை பறக்கவிடலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடிதான். மும்பையில் விமான நிலையம் ஊருக்கு நடுவே இருக்கிறது. கடற்படையும் துறைமுகமும் வேறு. தாராவி மொட்டைமாடியிலிருந்து மாஹிம் கழிமுகத்தை எடுத்துவிடலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். 250 கிராமுக்கு மேற்படாத நானோ ட்ரோனுக்கு பைலட் உரிமம் தேவையில்லை என்கின்றன 2021 ட்ரோன் விதிகள். ஆனால் மண்டலக் கட்டுப்பாடு அதற்கும் உண்டு. போலீஸ் அவ்வப்போது போடும் தடை உத்தரவையும் பாருங்கள். சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். தனியாக அலைவதைவிட, ஒரு குழுவின் கடிதத்தோடு போவது நல்லது.

படி 2: நாள்

இதில்தான் பாதி வேலை. அமாவாசை, பௌர்ணமி கழிந்த இரண்டு மூன்று நாட்களில் கடல் நன்றாக வற்றும். அந்த நாட்களில் மும்பையில் காலை வற்றம் ஏழு மணியை ஒட்டி வரும். வெயில் சாய்வாக இருப்பதால், நேர்கீழே பார்க்கும் கேமராவில் தண்ணீர் கண்ணாடிபோல மின்னாது. கடற்காற்றும் அப்போது எழுந்திருக்காது. கரையில் கோலி சமூக மீனவர் யாராவது இருந்தால் ஓஹோட்டி (மராத்தியில் வற்றம்) எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், போனைப் பார்க்காமலே சொல்வார். அப்படியே எதை எடுக்கப்போகிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். வலை காயும் இடத்துக்கு மேலே சொல்லாமல் பறக்கவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

படி 3: கேமரா

ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) இரண்டையும் ஆட்டோவில் விடாமல் பூட்டுங்கள். தண்ணீரின் மினுக்கத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் மாட்டுங்கள். கேமரா நேராகக் கீழ்நோக்கி இருக்கட்டும்.

படி 4: பறத்தல்

கரையில் உறுதியான தரையிலிருந்தே கிளப்புங்கள். படகிலிருந்து கிளப்பினால், படகு நகர்ந்த பிறகும் ட்ரோன் கிளம்பிய புள்ளிக்கே திரும்பும். அங்கே இப்போது தண்ணீர்தான் இருக்கும்! அலைக்குச் சில அடி மேலே தாழப் பறப்பதும் வேண்டாம், அடிப்பக்க சென்சார் நீர்ப்பரப்பைத் தவறாகக் கணிக்கும்.

30 மீட்டர் உயரத்தில், உழவு ஓட்டுவதுபோல் போய்த் திரும்பி வரிசையாக எடுங்கள். அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் பிறகு ஒரே வரைபடமாக ஒட்ட முடியும். பருந்து வட்டமிட்டால் அன்றைக்குக் காத்திருங்கள். பூநாரைக் கூட்டத்தைத் தேடிப் போகவே போகாதீர்கள். அவை மொத்தமாக எழும்பும் காட்சி பார்க்க ஜோராக இருக்கும்தான், ஆனால் இரை தேடும் நேரம் பறிபோவது அவற்றுக்கு.

படி 5: வீட்டுக்கு வந்ததும்

லேசாக ஈரமாக்கிய துணியால் உப்பைத் துடைத்து, மோட்டாரில் மணல் இருக்கிறதா பாருங்கள். கோப்பின் பெயரில் இடம், தேதி, ஓத அளவு, பறந்த உயரம் நான்கும் இருக்கட்டும். வெட்டாத மூலக் கோப்பைக் குழுவிடம் கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதாக இருந்தால், பறவைக்கூடு தெரியும் படங்களில் ஜிபிஎஸ் விவரத்தை முதலில் நீக்கிவிடுங்கள்.