ஊருக்குச் சிவப்புச் சாயம் பூசலாமா?

‘பெயின்ட் த டவுன் ரெட்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், ராத்திரி வெளியே கிளம்பி, குடித்து, ஆடிப்பாடி, இடம் இடமாக ஏறி இறங்கிக் கொண்டாடுவது என்று பொருள். இதை ‘ஊருக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள்’ என்று தமிழில் எழுதினால், படிப்பவருக்குத் தேர்தல் சுவர் விளம்பரம்தான் நினைவுக்கு வரும். ‘ஊரையே ரெண்டாக்கினார்கள்’ என்பதும் சரிவராது. அதில் சத்தம் இருக்கிறது, சந்தோஷம் இல்லை. ‘விடிய விடியக் கூத்தடித்தார்கள்’ என்பது என் தேர்வு. ‘இதுகளுக்கு வேற வேலை இல்லை’ என்ற லேசான முணுமுணுப்பும் அதில் சேர்ந்தே வருகிறது.

ஆங்கிலத்திலேயே பேசும்போது நாம் சறுக்குவது வேறு இடத்தில். எந்த மகிழ்ச்சிக்கும் இதைப் போட்டுவிடுகிறோம். வீட்டில் பாட்டியோடு கேக் வெட்டியதற்கு இது பொருந்தாது, வெளியே போயிருக்க வேண்டும். அலுவலக மெயிலிலும் வேண்டாம், அதுவும் லீவு கேட்கும் மெயிலில் வேண்டவே வேண்டாம். ‘த டவுன்’ என்பதை ‘எ டவுன்’ ஆக்கினால் நிஜமாகவே பெயின்ட் அடித்ததாகிவிடும்.

ஆனால் எனக்குப் பிடித்த தவறு, இதன் பிறப்புக் கதை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் மெல்டன் மோப்ரே என்று ஓர் ஊர். 1837 ஏப்ரல் 6 அதிகாலை, குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டுப் போதையோடு திரும்பிய வாட்டர்ஃபோர்டு பிரபுவும் கூட்டாளிகளும் சுங்கச்சாவடியில் வம்பிழுத்தார்கள். அங்கே கிடைத்த சிவப்புப் பெயின்ட்டை எடுத்துக் கதவுகளுக்கு அடித்தார்கள், விடுதியின் அன்னப்பறவைச் சின்னத்துக்கு அடித்தார்கள், தடுக்க வந்த காவலருக்கும் அடித்தார்கள். அடுத்த ஆண்டு டெர்பி நீதிமன்றம் ஆளுக்கு 100 பவுண்டு அபராதம் விதித்தது.

இவ்வளவும் நடந்ததுதான். இதிலிருந்துதான் மரபுத்தொடர் பிறந்தது என்று அடித்துச் சொல்வதில்தான் சிக்கல். இந்தத் தொடர் அச்சில் புழங்கத் தொடங்கியது 1880களில், அதுவும் அமெரிக்காவில். இங்கிலாந்தில் 1837இல் பிறந்த சொல் நாற்பது வருடத்துக்கும் மேல் அச்சேறாமல் எங்கே ஒளிந்திருந்தது? அப்புறம் கடல் தாண்டிப் போய் ஏன் முளைத்தது? பதில் இல்லை. மெல்டன் மோப்ரே மட்டும் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக இல்லை.