சின்ஸா, பிகாஸா?

அலுவலகத்திலிருந்து போகும் ஆங்கில மெயில்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒருமுறை இப்படி ஒரு வரி வந்தது: ‘சின்ஸ் தி சர்வர் வாஸ் சேஞ்ச்டு, ரிப்போர்ட்ஸ் ஹேவ் பீன் லேட்.’ சர்வரை மாற்றியதிலிருந்து தாமதமா, மாற்றியதால் தாமதமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். வாடிக்கையாளர் கேட்டது காரணத்தை. அதனால் சின்ஸை எடுத்துவிட்டு, ‘ரிப்போர்ட்ஸ் ஹேவ் பீன் லேட் பிகாஸ்...’ என்று மாற்றினேன். சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்போது நான் பார்ப்பது இதுதான்: காரணமே முக்கியச் செய்தி என்றால் பிகாஸ், பெரும்பாலும் பின்பாதியில். படிப்பவருக்கு முன்பே தெரிந்த காரணம் என்றால் சின்ஸ், முன்பாதியில். காரணம் சொல்ல ‘ஏஸ்’ (as) பக்கம் போவதே இல்லை. அது ‘அந்த நேரத்தில்’ என்றும் பொருள் தரும். அப்புறம், பிகாஸில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘சோ’ (so, ‘அதனால்’) வந்தால் உடனே அடித்துவிடுவேன்.