அளவுக்கல் நட்ட பிறகு விழிப்பது: குடியிருப்போர் செய்யும் தவறுகள்

வேலூரில் ஒரு தெருவில் சாலையை அகலப்படுத்த அளவெடுத்தார்கள் என்றால் சாயங்காலத்துக்குள் கூட்டம் கூடிவிடும். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று போய்விடும். வேகம் நல்லதுதான். ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் கேட்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பெரிய தவறு என்று சொல்வது இதைத்தான்.

தேசிய நெடுஞ்சாலைக்கு என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் அது 60 நாள். ஊரின் நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவை வெளியிட்டால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அறிவிப்பில் யாரிடம் தரச் சொல்லியிருக்கிறதோ அவரிடம், எழுத்தில், தேதிக்குள் தந்து ஒப்புகை வாங்கியதுதான் ஆட்சேபணை. மறியல் பண்ணுவதானால் பண்ணுங்கள், ஆனால் அந்தக் காகிதம் முதலில் போய்ச் சேரட்டும்.

அடுத்தது, குடியிருப்போர் சங்கம் என்றால் பட்டாக்காரர்கள் மட்டும்தான் என்ற நினைப்பு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, தள்ளுவண்டி, மாத வாடகை அறை என்று அங்கே பிழைப்பவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக நிலம் இருக்கும்? பேச்சுவார்த்தைக்குப் போவது வீட்டுக்காரர்கள், இழப்பீடு வாங்குவதும் அவர்கள். அப்புறம் வாடகைக்காரர் போராட்டத்துக்கு வரவில்லை என்று குறைபட்டு என்ன பயன்? 2013 சட்டமோ, நகர்ப்பகுதியில் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ குடியிருந்தவர்களையும் அங்கேயே பிழைப்பு நடத்தியவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே கணக்கில் எடுக்கிறது. ஆக, வாடகை ரசீது, ரேஷன் அட்டை, கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளிச் சான்று என எது இருந்தாலும், பாதிக்கப்படும் குடும்பங்களைக் கணக்கெடுக்க வருவதற்கு முன்பே நகல் எடுத்து வையுங்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அதன்படி வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடித்துச் சான்று தரும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. அதே சட்டத்தின் கீழ் அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். உங்கள் சங்கக் கூட்டத்திலாவது அவர்களுக்கு நாற்காலி போடுகிறீர்களா?

நிலத்தின் வகையைப் பார்க்காமல் "எல்லோருக்கும் பட்டா" என்று ஒரே கோரிக்கையை வைப்பதும் வழக்கம். நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கு என்று ஒதுக்கிய நிலத்தில் இருப்பவர் பட்டா கேட்கலாம். ஏரி, கால்வாய்ப் புறம்போக்கில் இருப்பவருக்கு அது கிடைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அவர் கேட்க வேண்டியது மாற்று இடம், அதுவும் எத்தனை கிலோமீட்டருக்குள் என்பது. சென்னையில் நகருக்கு வெளியே தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் பட்ட பாடு தெரிந்ததுதானே. கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். "இடித்துவிட்டு இங்கேயே கட்டித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் முதலில் இந்த அளவைச் சரிபாருங்கள்.

"பார்த்துக்கலாம், யாருக்கும் பாதிப்பு வராது" என்று கூட்டத்தில் அதிகாரிகள் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலையே, யார் என்ன சொன்னார் என்று ஒரு கடிதம் எழுதிப் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். வரைபடம் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம் கட்டிக் கேட்கலாம். பதில் தர 30 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். ஆட்சேபணைக்கு இருப்பது 21 நாள் என்றால் பதில் வரட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கையில் இருப்பதை வைத்து ஆட்சேபணையைக் கொடுத்துவிட்டு, வரைபடம் தரப்படவில்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.